முயலுக்கு மூணு கால்!

"அம்மா, முயல் எங்கம்மா?"

மேடைக்குப் பின்பக்கம் கால் வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, என் பதின்மூன்று வயது மகள் கேட்டுவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாற்பதைத் தாண்டிய பெண்மணி, வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவள் என்ற கௌரவம்தான் வாயை மூடி வைத்திருந்தது. உள்ளுக்குள் நானும் மூலை மூலையாக முயலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை மதியம். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க் பேஸ்பால் மைதானம். சாயங்காலம் இங்கே பங்க் ராக் குழுவான கிரீன் டே வாசிக்கப்போகிறார்கள். எங்கள் இருவர் சட்டையிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு துணி ஸ்டிக்கர், மேடைக்குப் பின்னால் போக அனுமதி. அதன் மதிப்பு முப்பது நிமிஷம். வாங்கிக் கொடுத்தவர் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணா. ஒரு காலத்தில் சென்னையில் மெல்லிசைக் கச்சேரிகளுக்கு மைக்செட் கட்டியவர், இப்போது இந்த ஊர் மேடைகளில் விளக்கும் ஒலிபெருக்கியும் ஏற்றி இறக்குகிறார். ஸ்டிக்கரை ஒட்டும்போதே மூன்று கட்டளை போட்டுவிட்டார். "போட்டோ எடுக்கக் கூடாது. எதையும் தொடக் கூடாது. யாரைப் பாத்தாலும் கத்தக் கூடாது. முக்கியமா நீதாம்மா. பாப்பா சமத்து."

கிரீன் டே ரசிகர்களுக்கு முயல் கதை தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குழு மேடையேறுவதற்குச் சற்று முன், ரோஸ் நிற முயல் வேஷம் போட்ட ஓர் ஆள் தள்ளாடிக்கொண்டே வருவார். ராமோன்ஸ் குழுவின் 'பிளிட்ஸ்கிரீக் பாப்' ஒலிபெருக்கியில் அலற, குதிப்பார், விழுவார், கூட்டத்தை உசுப்பேற்றிவிட்டுப் போவார். ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'குடிகார முயல்'. உள்ளே இருப்பது யார் என்பது எங்கள் வட்டாரத்தின் நிரந்தரப் பட்டிமன்றத் தலைப்பு. அதைத் தீர்த்துவைக்கும் வாய்ப்பு முப்பது நிமிஷம் எங்கள் கையில் இருந்தது!

முன்னால் கலகம், பின்னால் கணக்கு

முதலில் கண்ணில் பட்டது பெட்டிகள். எங்கே திரும்பினாலும் சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் எண், எந்த லாரி, மேடையில் எந்தப் பக்கம் என்ற குறிப்பு. இரண்டு நாள் முன்பு, 18ஆம் தேதி, இந்தக் குழு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வாசித்தது. அங்கே ராத்திரி கழற்றிய சாமான் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓடிவந்து இங்கே மறுபடி மேடையாக வேண்டும்.

"இது எப்படிண்ணா ரெண்டு நாள்ல?" என்றேன்.

"இரும்புச் சாரம் வேற, சாமான் வேறம்மா. இவ்ளோ பெரிய டூர்ல சாரத்துக்கு ரெண்டு மூணு செட் வெச்சிருப்பாங்க. ஒரு ஊர்ல பாட்டு நடக்கறப்பவே அடுத்த ஊர்ல சாரம் ஏறிக்கிட்டிருக்கும். லைட்டு, சவுண்டு, வாத்தியம் மட்டும்தான் கூடவே வரும். தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள அடுத்த தேருக்குக் கால் நட்ட மாதிரி."

கீழே புல்லைக் காணோம். பேஸ்பால் ஆடும் புல்தரைமீது பிளாஸ்டிக் பலகைகளைப் பாய் விரித்ததுபோல் கோத்து மூடியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான கால்கள் துள்ளப்போகிற இடம். உள்ளூர் அணி வெளியூர் போயிருக்கும் இடைவெளியில் கச்சேரியை முடித்து, திரும்பி வரும்போது புல் பச்சையாக இருக்க வேண்டும். உலகத்தையே உடைத்துப் போடு என்று பாடுகிறவர்களுக்காகப் புல் நுனி நோகாமல் பலகை போடுகிறார்கள்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மைதானத்தின் நடுவே இரண்டு கோபுரங்களில் தனி ஒலிபெருக்கிகள் தொங்கின. "தூரத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கணும்னுதானா?" என்று மகள் கேட்டாள். அண்ணாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடை இருக்கும் நடு மைதானத்து மதிலிலிருந்து பந்தடிக்கும் இடம் வரை சுமார் 120 மீட்டர். மேடையில் டிரம்மை அடித்த சத்தம் அங்கே போய்ச் சேர விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். கோபுரத்து ஸ்பீக்கர் உடனே சத்தம் போட்டால் அங்கே இருப்பவருக்கு ஒவ்வோர் அடியும் இரண்டு தடவை கேட்கும். அதனால் மேடைச் சத்தம் காற்றில் நடந்து வந்து சேரும்வரை கோபுரம் காத்திருக்கும்படி கணக்குப் போட்டு வைக்கிறார்கள். "நம்மூர்ல குழாய் ஸ்பீக்கர் கட்டினப்ப ஒரே பாட்டு நாலு தெருவுல நாலு மாதிரி கேக்குமே, அது இந்தக் கணக்கு இல்லாததாலதான் பாப்பா."

மேடைத் தரையில் வெள்ளையும் மஞ்சளுமாக டேப் ஒட்டிய குறிகள். யார் எங்கே நிற்பது, எந்த ஒயர் எங்கே போவது, இருட்டில் கால் தவறக் கூடாத விளிம்பு எது, எல்லாம் அதில் இருக்கிறது. ஓரத்தில் கிதார்களுக்கென்றே ஒரு தனி ராஜ்ஜியம். வரிசையாகத் தொங்கும் கிதார்கள், ஒரு மேஜை, சிறு விளக்கு, கத்தரித்துப் போட்ட பழைய கம்பிகள். அங்கே ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி பாடகர் தோளிலிருந்து ஒன்றைக் கழற்றி நீட்டும் அதே விநாடியில் அடுத்ததை மாட்டிவிட வேண்டியது இவர் வேலை.

அந்த வரிசையில் நீலமாக ஒன்று தெரிந்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

கிரீன் டேயின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக இருந்தபோது அவர் அம்மா வாங்கிக் கொடுத்தது ஒரு நீல நிற ஃபெர்னாண்டஸ் கிதார். ஸ்டிக்கர் ஸ்டிக்கராக ஒட்டிய அந்தக் கிதாருக்குப் பெயரே 'ப்ளூ'. 1994 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் கூட்டம் சேற்றை வாரி வாரி மேடைமேல் எறிய, அவரும் திருப்பி எறிந்து யுத்தமே நடந்ததே, அன்றைக்கு அவர் தோளில் இருந்ததும் அதுதான். நான் பார்த்தது ப்ளூவா, நகலா, வேறு ஏதோ நீலக் கிதாரா? கேட்க வாயெடுத்தேன். அண்ணா முறைத்தார். மூடிக்கொண்டேன்.

ஸ்டிக்கரை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். அதே வுட்ஸ்டாக் சேற்று யுத்தத்தில், பாஸ் கிதார் வாசிக்கும் மைக் டிர்ன்ட்டை மேடையேறிய ரசிகர் என்று நினைத்து ஒரு பாதுகாவலர் அமுக்கியதில் அவருக்குப் பல்லே உடைந்தது. குழுவில் இருப்பவருக்கே அந்த கதி!

"பங்க்னா என்னம்மா?"

மைக்கெல்லாம் கட்டத் தெரிந்த அண்ணாவுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "இவ்ளோ வேகமா, இவ்ளோ சத்தமா... பங்க் பங்க்குங்கறீங்களே, அப்படின்னா என்னம்மா?"

யோசித்தேன். எங்கள் அப்பத்தா வாயில் அடிக்கடி வரும் பழமொழிதான் வந்தது. "தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு சொல்றோமில்ல, அதுதாண்ணா."

சிரித்தார். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கிதாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும், பாட்டு போடலாம் என்கிற பிடிவாதம்தானே பங்க்? கிரீன் டேயும் மூன்று பேர்தான்: பில்லி ஜோ, மைக் டிர்ன்ட், டிரம்ஸுக்கு ட்ரே கூல். மேடையில் துணைக்கு வாசிப்பவர்கள் வேறு உண்டு, ஆனால் முயலுக்குக் கால் மூன்றே மூன்று.

இந்த மூன்று கால் கதை நடந்ததெல்லாம் இதோ, இந்த மைதானத்துக்கு எதிர்க்கரையில்தான். விரிகுடாவின் கிழக்கே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உள்ள ரோடியோ என்ற சிற்றூர். அங்கே பள்ளிப் பையன்களாகப் பழகியவர்கள் பில்லி ஜோவும் மைக்கும். 1987இல் 'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பெயரில் முதல் கச்சேரி, பில்லி ஜோவின் அம்மா பரிமாறும் வேலை பார்த்த உணவகத்தில். பெர்க்லியில் கில்மன் தெரு 924ஆம் எண்ணில் ஒரு பழைய கட்டடம். 1986இன் கடைசி இரவு தொடங்கிய அந்த அரங்கில் மது கிடையாது, அடிதடி கிடையாது, எந்த வயதுப் பிள்ளையும் வரலாம். தொண்டர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். இந்தப் பையன்கள் வளர்ந்தது அங்கேதான்.

அந்த அரங்குக்கும் தன் முயலுக்கு மூன்று கால்தான். பெரிய இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு அங்கே இடமில்லை என்பது அப்போதைய விதி. கிரீன் டே 1993இல் ரிப்ரைஸ் கம்பெனியில் கையெழுத்துப் போட்டது. கதவு சாத்தப்பட்டது. அதே வருஷம் பெர்க்லியிலேயே சில வாரங்களில் பதிவு செய்து, 1994 பிப்ரவரியில் வெளியிட்ட 'டூக்கி' ஆல்பம் அமெரிக்காவில் மட்டுமே கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. டூக்கி என்றால் என்ன அர்த்தம் என்று மகள் கேட்டாள். டூரில் கெட்டுப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டு இவர்கள் பட்ட பாட்டுக்கு வைத்த பெயர் என்றேன். புரிந்துகொண்டு மூக்கைப் பிடித்தாள். கில்மன் கதவு இவர்களுக்குத் திறந்து ஒரு முழுக் கச்சேரி நடந்தது 2015 மே மாதத்தில்தான். ஓக்லாந்தில் தீ விபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு புத்தகப் பதிப்பகத்துக்கு நிதி திரட்ட அன்றைக்கு வாசித்தார்கள்.

சாத்திய கதவுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷம். இரண்டு பக்கமும் பிடிவாதம், இரண்டு பக்கமும் பாசம். எனக்கென்னவோ இது ஊர்ப் பங்காளிச் சண்டை மாதிரியே தெரிகிறது.

முப்பது நிமிஷம் முடிந்தது. முயலைக் காணவில்லை.

பூண்டு, கடல்பறவை, நாலு குழு

சான் ஃபிரான்சிஸ்கோவில் கோடைக்கு ஒரு வினோதக் குணம். ஜூலையில் மூடுபனி போர்த்தி ஸ்வெட்டர் போட வைக்கும். ஊரெல்லாம் கோடை முடியும் செப்டம்பரில்தான் இங்கே வெயில் உறைக்கும். அப்படியொரு சாயங்காலத்தில், இந்த மைதானத்தின் புகழ்பெற்ற பூண்டு வறுவலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கில்ராய் என்ற ஊர் பூண்டுக்குப் பேர்போனது. உருளைக்கிழங்கு வறுவல்மீது நறுக்கிய பூண்டை அள்ளிப் போட்டுத் தருகிறார்கள். முன்வரிசை ரசிகர்கள் பல்வேறு நிறத்தில் முடியைக் குத்திட்டு நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வரிசையில் யாரும் யார் பக்கமும் திரும்பி மூச்சுவிடவில்லை.

முதலில் தி லிண்டா லிண்டாஸ். லாஸ் ஏஞ்சலஸ் பெண்கள் நால்வர். 2021இல் ஒரு நூலகத்தில் வாசித்த பாட்டு உலகமெல்லாம் பரவியபோது டிரம்ஸ் அடித்த மிலாவுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இனத்தை வைத்துச் சொன்ன வார்த்தைக்குப் பதிலாகப் பிறந்த பாட்டு அது. என் மகளுக்கு உண்மையில் இவர்கள்தான் கிரீன் டே. மைதானம் பாதிகூட நிறையாத நேரம், ஆனால் அவள் ஒருத்தி பத்தாயிரம் பேருக்குக் கத்தினாள். அண்ணாவின் மூன்றாம் கட்டளை எங்கே போனதோ!

அடுத்து ரான்சிட். இவர்களும் எதிர்க்கரைக்காரர்கள்தான், அதே கில்மன் தெருப் பிள்ளைகள். பாடகர் டிம் ஆம்ஸ்ட்ராங்குக்கும் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்கும் சொந்தம் கிடையாது, பெயர்தான் ஒன்று. மூன்றாவது, தி ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ். அவர்கள் வாசிக்க வாசிக்க விரிகுடாப் பக்கமிருந்து காற்று குளிர்ந்தது. கடல்பறவைகள் வட்டமிட ஆரம்பித்தன. ஆட்டம் முடியும் நேரத்துக்குச் சரியாக வந்து மிச்சம் மீதி வறுவலைப் பொறுக்குவது இந்த மைதானத்துப் பறவைகளின் வழக்கம். கச்சேரி அட்டவணை அவற்றுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது, சீக்கிரமே வந்துவிட்டன.

பிறகு இருட்டு. குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' முழுசாக ஒலிபெருக்கியில். மேடையில் ஈ காக்கை இல்லை. ஆனால் மைதானமே பாடியது. முன்பின் தெரியாத நாற்பதாயிரம் தொண்டைகள் ஒன்றுசேர இதைவிடச் சுலபமான வழி இல்லை என்று கண்டுபிடித்த மகராசன் யாரோ, வாழ்க!

அது முடிந்ததும்...

"அம்மா! முயல்! முயல்! முயல்!"

ரோஸ் நிறம். தொங்கும் காது. தள்ளாட்டம். நான் சீட்டின்மேல் ஏறி நின்றேன் என்று மகள் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

செப்டம்பரில் ஒரு செப்டம்பர் பாட்டு

இந்தச் சுற்றுப்பயணத்தின் விசேஷமே இரண்டு ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வாசிப்பதுதான். 'டூக்கி'க்கு முப்பது வயது, 'அமெரிக்கன் இடியட்'டுக்கு இருபது. அதிலும் அமெரிக்கன் இடியட் இந்த நாட்டுக் கடைகளுக்கு வந்தது 2004 செப்டம்பர் 21. அதாவது நாங்கள் உட்கார்ந்திருந்தது அதன் இருபதாவது பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி, அது பிறந்த ஊர்ப்பக்கத்தில்!

டூக்கி தொடங்கியதும் டிரம்ஸுக்குப் பின்னால் ராட்சதக் குண்டுவெடிப்பு மேகம் ஒன்று காற்றடைத்து எழுந்தது. ஆல்பத்தின் முகப்பில் பெர்க்லியின் டெலிகிராஃப் அவென்யூமேல் வெடிக்கிற அதே மேகம். மதியம் மேடை ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த துணி மூட்டை ஒன்றைப் பார்த்துக் கூடாரம் என்று நினைத்திருந்தேன். இதுவாகத்தான் இருக்க வேண்டும்! தார்ப்பாய்போலக் கிடந்தது மின்விசிறிக் காற்றில் விசுவரூபம் எடுத்து நின்றது. அமெரிக்கன் இடியட் தொடங்கும்போது இன்னொன்று: இதய வடிவக் கையெறிகுண்டைப் பிடித்த மாபெரும் கை.

2005இல் திருச்சி ஹாஸ்டலில், பக்கத்து அறைக்காரி பெங்களூரிலிருந்து ரைட் பண்ணிக் கொண்டுவந்த எம்பி3 சிடியில் நான் முதலில் கேட்டது இந்த வரிசைதான். ஒன்பது நிமிஷத்துக்கு நீளும் 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' எங்கள் சிடியில் ஆறாவது நிமிஷத்தில் சிக்கிக்கொள்ளும். மிச்ச மூன்று நிமிஷம் இருப்பதே வேலைக்கு வந்தபிறகுதான் தெரியும். அன்றைக்கு ஆறாவது நிமிஷம் தாண்டியபோது என்னையறியாமல் கைதட்டினேன். ஏன் நடுவில் தட்டுகிறாய் என்று மகள் கேட்டாள். உனக்குப் புரியாது போ என்றேன்.

நடுவில் ஒரு சண்டையும் உண்டு. எதிர்க்கரையின் ஓக்லாந்து பேஸ்பால் அணியை அதன் உரிமையாளர் லாஸ் வேகஸுக்கு மாற்றும் முடிவெடுத்திருந்தார். 1968இலிருந்து அந்த ஊரில் ஆடிய அணி, ஆறே நாளில் அங்கே கடைசி ஆட்டம். பில்லி ஜோ மேடையிலேயே அந்த உரிமையாளரையும் லாஸ் வேகஸையும் வாய்க்கு வந்தபடி பிடிபிடி என்று பிடித்தார். மைதானம் கூரை பிய்ந்துவிடும்போல் ஆர்ப்பரித்தது (நல்லவேளை, கூரை கிடையாது). அடுத்த சில நாளில் லாஸ் வேகஸ் வானொலி நிலையங்கள் சில, கிரீன் டே பாட்டையே ஒலிபரப்ப மாட்டோம் என்று அறிவித்தன. ஐம்பதைத் தாண்டிய கோடீஸ்வரர், ஊர் அணிக்காகப் பள்ளிக்கூடப் பையன்போல் சண்டைக்கு நிற்கிறார். முயலுக்கு இன்னும் மூன்று கால்தான்.

அப்புறம் அந்தப் பாட்டு. 'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்.' 1982 செப்டம்பரில் புற்றுநோயில் இறந்துபோன தன் அப்பாவுக்காகப் பில்லி ஜோ எழுதியது. அப்போது அவருக்குப் பத்து வயது. ஜாஸ் வாசிப்பார் அந்த அப்பா. வயிற்றுப் பாட்டுக்கு லாரி ஓட்டினார்.

லாரி ஓட்டினார். இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். அன்றைக்குத்தான் உறைத்தது. மதியம் பார்த்த அத்தனை லாரிகளும், எண் எழுதிய பெட்டிகளும், ஃபீனிக்ஸிலிருந்து ராவோடு ராவாக ஓட்டிவந்தவர்களும் மேடைக்குப் பின்னால் இருட்டில் நின்றிருந்தார்கள். முன்னால் ஒரு லாரி ஓட்டுநரின் மகன் அப்பாவைப் பாடிக்கொண்டிருந்தார். நாற்பதாயிரம் செல்போன் வெளிச்சத்தில் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. பூண்டு என்று சொல்லிச் சமாளித்திருப்பேன்.

கடைசிப் பாட்டுக்கு எல்லா ஆரவாரமும் அடங்கியது. மேகம் இல்லை, கை இல்லை, தீ இல்லை. ஒரு மனிதர், ஒரு அக்கூஸ்டிக் கிதார், 'குட் ரிடன்ஸ்'. இத்தனை லாரியும் இல்லாமல், அம்மா பரிமாறிய உணவகத்து மூலையில் பாடினாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும்.

மறுநாள் காலை அண்ணாவிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் பேசியிருந்தார்.

"பாப்பா கேட்டாளேன்னு முயல் யாருன்னு விசாரிச்சேம்மா. ஒருத்தனும் வாயத் தொறக்கல. நானும் பாக்கல, அப்ப அந்தப் பக்கம் ஒயர் இழுத்துக்கிட்டிருந்தேன். ஆனா அந்தப் பெரிய கை இருக்குல்ல, காத்துப் போனதும் பத்துப் பேர் சேந்து அத ஜமுக்காளம் மாதிரி மடிச்சோம். கட்டைவிரல் பக்கம் நான் பிடிச்சேன். இப்பதான் வீட்டுக்கு வர்றேன், லாரியெல்லாம் சியாட்டிலுக்குக் கெளம்பிடுச்சு."

மகள் அதை நாலு தடவை கேட்டாள். முயலைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை. "அம்மா, மாமா கட்டைவிரலைப் பிடிச்சிருக்காரும்மா!" என்று பள்ளிக்கூடத் தோழிகளுக்கு எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.